டி. முருகனா, டி. முருகனா?

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுத் தன் பெயரை ஸ்பெல் பண்ணிச் சொல்லாதவர் இன்றைக்கு யாரும் இருக்க முடியாது. "பி ஃபார் பாம்பே, ஏ ஃபார் ஆப்பிள், எல் ஃபார் லண்டன், ஏ ஃபார் ஆப்பிள்" என்று ஒரு பாலா தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி பேலன்ஸ் போய்விடும். பாம்பே 1995-ல் மும்பை ஆனது. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. ஆனால் போனில் எழுத்துக்கூட்டும்போது மட்டும் இரண்டு ஊர்களும் பழைய பெயரிலேயே உயிரோடு இருக்கின்றன! இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை. வாய்க்கு வந்த சொல், எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் சரி. புரியாவிட்டால் இன்னொரு சொல். அவ்வளவுதான்.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'தான். நான்காவதும் இருபதாவதும் 'டி'தான். தலைப்பைப் பாருங்கள். அச்சுப் பிழை இல்லை. அங்கே இருப்பவர்கள் இரண்டு வேறு வேறு முருகன்கள். ஒருவர் தங்கவேல் மகன், இன்னொருவர் துரைசாமி மகன். ஆங்கிலத்தில் இனிஷியல் போட்டால் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. இரைச்சலுக்கு நடுவே காதால் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எழுத்துக்கு ஒரு சொல் வைத்துச் சொல்லும் இந்த வேலையை உலகம் முழுவதும் தினமும், இதைவிட மோசமான இரைச்சலில் செய்துகொண்டிருப்பவர்கள் ஹாம்கள். அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள். அரசிடம் உரிமம் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, இணையமோ டவரோ இல்லாமல் இன்னொரு கண்டத்தில் இருப்பவரோடு பேசுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் அழைப்புக்குறி தரும். இந்தியக் குறிகள் 'வி.யு.' என்று தொடங்கும். ராஜீவ் காந்தி ஒரு ஹாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய குறி வி.யு.2.ஆர்.ஜி. அதைக் காற்றில் சொல்ல வேண்டுமென்றால், "விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ கோல்ஃப்."

ஹாமுக்கு அழைப்புக்குறிதான் பெயர், முகவரி எல்லாம். ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஆள். சில சமயம் வேறு நாடு. பல மணி நேரம் காத்திருந்து தூரத்து நாட்டைப் பிடித்து, அந்த முனையில் இருப்பவர் ஓர் எழுத்தைத் தப்பாகக் குறித்துக்கொண்டால், அந்தத் தொடர்பு பதிவேட்டில் இன்னொருவர் பெயரில் போய் உட்காரும். அதை உறுதிப்படுத்தும் அட்டையும் வராது.

தப்பாகக் கேட்பதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. குரலுக்கு ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 'சிங்கிள் சைட்பேண்ட்' முறையில், பேச்சின் ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டும்தான் போய்ச் சேரும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் வேறுபடுத்துகிற சீறல் ஒலியில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டுப் போனால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதோடு பி, சி, டி, ஈ, ஜி, வி என்று ஒரே 'ஈ' ஓசையில் முடிகிற எழுத்துகள் ஒரு பட்டாளமே உண்டு. அமெரிக்கர்கள் கடைசி எழுத்தையும் 'ஸீ' என்று சொல்லி அந்தப் பட்டாளத்தில் ஓர் ஆளைக் கூட்டிவிட்டார்கள். இதற்கு மேல் மின்னல், இரைச்சல், பக்கத்து அலைவரிசையில் கத்துகிறவர், ஏறி இறங்குகிற சிக்னல் எல்லாம் இருக்கின்றன. தனி எழுத்து தாங்காது. அதனால்தான் எழுத்துக்கு ஒரு சொல்.

எந்தச் சொல் என்பதில்தான் ஹாம்களுக்குள் பல காலமாகச் சண்டை! 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்ற சர்வதேசப் பட்டியலைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்று ஒரு கட்சி. காதில் விழுகிற எந்தச் சொல்லும் நல்ல சொல்தான் என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சியின் பக்கம் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. இந்தப் பட்டியல் வானத்திலிருந்து குதித்ததில்லை. 1927 வாஷிங்டன் மாநாட்டிலும், பிறகு 1932 மாட்ரிட் மாநாட்டிலும் சர்வதேசப் பட்டியல்கள் வந்தன. ஆம்ஸ்டர்டாம், பால்டிமோர், காஸாபிளாங்கா, டென்மார்க் என்று பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளும், 1943 முதல் பிரிட்டிஷ் விமானப் படையும் 'ஏபிள், பேக்கர், சார்லி, டாக்' என்ற பட்டியலைப் பேசின. சினிமாவில் விமானி "ரோஜர்" என்று சொல்வதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அது அந்தப் பட்டியலின் மிச்சம். 'ஆர்' என்றால் 'ரிசீவ்டு', செய்தி கிடைத்தது என்று பொருள். அந்த எழுத்துக்கு அன்றைய சொல் ரோஜர். இன்றைக்கு அந்த எழுத்து ரோமியோ ஆகிவிட்டது. ஆனாலும் யாரும் "ரோமியோ" என்று பதில் சொல்வதில்லை!

ஏபிள், பேக்கர் ஆங்கிலேயரின் வாய்க்குப் பழகிய சொற்கள். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் என்ன செய்வார்கள்? போர் முடிந்ததும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இந்த வேலையைக் கையில் எடுத்தது. மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ழான்-போல் வினே இதில் முக்கியப் பங்கு வகித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் வழக்கில் இருக்கிற சொல்லாக வேண்டும், எல்லோர் வாய்க்கும் வர வேண்டும், அசிங்கமான பொருள் எந்த மொழியிலும் வரக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள். 1951-ல் ஒரு பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் கோகா, மெட்ரோ, நெக்டர், யூனியன், எக்ஸ்ட்ரா என்ற சொற்கள் இருந்தன. உடனே புகார்கள் வந்தன. நெக்டர் என்றால் விக்டர் என்று கேட்கிறது, எக்ஸ்ட்ரா என்றால் டெல்டா என்று கேட்கிறது! சில விமானிகள் பழைய பட்டியலுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். மறுபடியும் சோதனை. கடைசியில் அந்த ஐந்து சொற்களும் போய், சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்-ரே வந்தன. 1956 மார்ச் 1 முதல் இன்றைய பட்டியல் அமலுக்கு வந்தது. பிறகு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகளிலும் இடம் பிடித்தது.

31 நாட்டினரை வைத்து நடந்த அந்தச் சோதனைகளில் வெளிவந்த ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தனியாக ஒரு சொல்லைச் சொன்னால் 'ஃபாக்ஸ்ட்ராட்'டைவிட 'ஃபுட்பால்' தெளிவாகக் கேட்டது. ஆனால் மற்ற 25 சொற்களோடு சேர்த்துத் தொடர்ந்து பேசும்போது ஃபாக்ஸ்ட்ராட்தான் ஜெயித்தது. அதாவது ஒரு சொல் நல்ல சொல்லா என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கூட இருக்கிற சொற்களையும் பார்க்க வேண்டும். கிரிக்கெட் டீம் தேர்வு மாதிரிதான். தனித்தனியாக நல்ல பதினோரு பேர் சேர்ந்தால் நல்ல டீம் ஆகிவிடுமா என்ன?

இதே காலத்தில் இன்னோர் ஆராய்ச்சியும் நடந்தது. 1951-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் இரைச்சலுக்கு நடுவே சொற்களைச் சொல்லி, கேட்பவர்கள் சரியாகக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். எந்தச் சொற்கள் வரக்கூடும் என்ற பட்டியல் சின்னதாக இருந்தபோது, அதே இரைச்சலில் அதே சொல்லைக் கேட்பவர்கள் அதிகம் சரியாகச் சொன்னார்கள். பட்டியல் பெரிதாகப் பெரிதாகத் தடுமாறினார்கள். காது அதேதான், ஒலியும் அதேதான். மாறியது எதிர்பார்ப்பு மட்டும்.

சர்வதேசப் பட்டியலின் பலம் இங்கேதான் இருக்கிறது. கேட்பவரின் தலைக்குள் 26 பெட்டிகள் தயாராக இருக்கின்றன. இரைச்சலில் "...வெம்பர்" என்று வால் மட்டும் கேட்டாலும் போதும். அது நவம்பர்தான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. "...யட்" என்று முடிந்தால் ஜூலியட். கேட்காத பாதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். ஆனால் சொல்பவர் தன்னிஷ்டத்துக்கு ஒரு சொல்லைப் போட்டால் அந்த 26 பெட்டிகளும் வீண். இப்போது அகராதியில் உள்ள எந்தச் சொல்லும் வரலாம். பாதி கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

அப்படியானால் முதல் கட்சிதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இரண்டாம் கட்சியும் சும்மா பேசவில்லை.

சர்வதேசப் பட்டியலில் 'கோல்ஃப்', 'மைக்' இரண்டும் ஒரே அசைச் சொற்கள். ஒரு மின்னல் வெடிப்பில் மொத்தமாகக் காணாமல் போகும். அதனால்தான் தூர நாட்டுத் தொடர்பு தேடுகிற ஹாம்கள் ஓர் இரண்டாவது பட்டியலைத் தாங்களாகவே பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கோல்ஃபுக்கு ஜெர்மனி, ஹோட்டலுக்கு ஹோனலூலு, மைக்குக்கு மெக்ஸிகோ, ஆஸ்கருக்கு ஒண்டாரியோ, சியராவுக்கு சாண்டியாகோ, யாங்கிக்கு யோக்கஹாமா, ஜூலுவுக்கு ஜான்சிபார் என்று ஊர்களும் நாடுகளும். 1932 பட்டியலின் பேரன் பேத்திகள் என்று சொல்லலாம். எந்த அரசும் இதை அறிவிக்கவில்லை. ஆனால் அலைவரிசையில் அரைமணி நேரம் காது வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'ஹோனலூலு'வில் நான்கு அசை. ஒன்றை இரைச்சல் தின்றாலும் மூன்று மிச்சம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று. ஒரு சொல் இரண்டு முறை கேட்கவில்லை என்றால் மூன்றாம் முறை அதையே கத்துவதில் பெரிய லாபம் இல்லை. முதல் இரண்டு முறை எது தடுத்ததோ அதுவே மூன்றாம் முறையும் தடுக்கலாம். அந்த இடத்தில் வேறு ஓசையுள்ள சொல்லைப் போட்டால் கேட்பவருக்குப் புதிய துப்பு ஒன்று கிடைக்கிறது. வீட்டில் பாட்டிக்கு ஒரு சொல் காதில் விழவில்லை என்றால் பேரன் என்ன செய்வான்? அதே விஷயத்தை வேறு சொல்லில் சொல்லிப் பார்ப்பான் இல்லையா, அது மாதிரிதான்.

தொழில்முறைக்காரர்களே சில இடங்களில் பட்டியலை விட்டு விலகுகிறார்கள். மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'லீமா' என்றால் ஐந்து. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழர்களுக்கு இது தெரிந்த விஷயம். எழுத்தும் எண்ணும் கலந்து வருகிற குறியில் 'லீமா' என்றால் கேட்பவர் எதை எழுதுவார்? அதனால் அந்தப் பகுதியில் 'லண்டன்' என்று சொல்வதுண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் 'டெல்டா' என்பது அங்கே குவிந்திருக்கிற ஒரு விமான நிறுவனத்தின் பெயர். அதனால் அங்கே அந்த எழுத்துக்கு 'டிக்ஸி' போன்ற வேறு சொல் முன்பு புழங்கியது. அமெரிக்க ஹாம்களுக்கான அரசு விதியும் எழுத்துக்குச் சொல் வைத்துச் சொல்வதை ஊக்குவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எந்தப் பட்டியல் என்று கட்டளை போடவில்லை.

இதுவரைக்கும் இரண்டு பக்கமும் நியாயம்தான். வாய்க்கு வந்த சொல் எங்கே காலை வாரும் என்பதையும் பார்த்துவிடலாம்.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காதுக்கு அது 'ஜெ' என்று தொடங்குகிறது. பழக்கமில்லாதவர் ஜூலியட்டுக்குரிய எழுத்தைத்தான் எழுதுவார். 'சிலோன்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் சார்லியைக் குறிப்பாரா, சியராவைக் குறிப்பாரா? கல்கத்தா கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் அது 'சி'. 2001-ல் கொல்கத்தா ஆன பிறகு 'கே'. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எழுத்து மட்டும் மாறிவிட்டது! 'சி ஃபார் கல்கத்தா' என்று ஒரு பெரியவர் சொல்ல, 2001-க்குப் பிறகு பிறந்த பையன் எதை எழுதுவான் என்று யோசித்துப் பாருங்கள்.

நாட்டுப் பெயர்களில் இன்னொரு வம்பு. 'இத்தாலி', 'ஜப்பான்', 'கனடா' என்று அரைகுறையாகக் கேட்பவர், அழைப்பவர் அந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்று நினைத்துவிடலாம். நியாயமாகச் சொன்னால் சர்வதேசப் பட்டியலின் 'இந்தியா'வுக்கும் இதே குறை உண்டு. ஆனால் அது 26-ல் ஒன்று என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டதால் குழப்பம் குறைவு.

அப்புறம் ஜோக் அடிப்பவர்கள். தன் குறியின் கடைசி மூன்று எழுத்துகளை வைத்து ஒரு வாக்கியம் செய்துகொள்வார்கள். உதாரணத்துக்கு, ஐ, டி, வி என்று முடிந்தால் 'இட்லி, தோசை, வடை'! உள்ளூர் நண்பர்களோடு பேசும்போது இது அருமையான விஷயம். ஒரு முறை கேட்டால் மறக்காது. அறிமுகத்துக்கும் சிரிப்புக்கும் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் பல்கேரியாக்காரர் என்றால்? அவருக்கு இட்லியும் தெரியாது, அது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்றும் தெரியாது. ஆங்கிலமே அவருக்கு இரண்டாவதோ மூன்றாவதோ மொழியாக இருக்கும். பாதி இரைச்சலில் இருபது பேர் ஒரே நேரத்தில் அழைக்கும்போது அவர் செய்ய வேண்டிய வேலையை இது இரண்டு மடங்கு ஆக்குகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் சொற்களை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இன்னும் மோசம். கேட்பவருக்கு இரண்டு வேறு நிலையங்கள் அழைப்பது போலத் தோன்றும்.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். பொழுதுபோக்கு சட்டென்று பொழுதுபோக்காக இல்லாமல் போன ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பரில், பல ஆண்டுகளாக ஹாம் ஒலி கேட்காமல் இருந்த அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக, தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. அவர்களுடைய சிறப்புக் குறி வி.யு.4.ஆர்.பி.ஐ. உலகம் முழுவதும் ஹாம்கள் அந்தக் குறியைப் பிடிக்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்தது. பிறகு சுனாமி. குழு தன் விளையாட்டை நிறுத்திவிட்டு, அதே கருவிகளை வைத்து அவசரச் செய்திகளை அனுப்ப ஆரம்பித்தது. தீவுகளில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்த உறவினர்களுக்கு அந்த அலைவரிசை வழியாகச் செய்திகள் போயின.

இந்த மாதிரி நாளில் காற்றில் போவது அழைப்புக்குறி மட்டும் இல்லை. மனிதர்களின் பெயர்களும் போகின்றன. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தமிழ்ப் பெயருக்கோ பரம்பரைப் பெயர் கிடையாது, முன்னால் ஓர் இனிஷியல்தான். ஒரு பட்டியலில் 'முருகன் பத்திரமாக இருக்கிறார்' என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கவேல் வீட்டிலும் போனுக்குப் பக்கத்தில் காத்திருக்கிறார்கள், துரைசாமி வீட்டிலும் காத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டையும் பிரிப்பது ஒரே ஓர் எழுத்து. அங்கே 'டாங்கோ' என்றால் ஒரு வீட்டுக்கு மூச்சு வரும். 'டெல்டா' என்றால் இன்னொரு வீட்டுக்கு. வெறும் 'டி' என்று சொன்னால் இரண்டு வீட்டுக்கும் பதில் இல்லை. தப்பான வீட்டுக்கு நல்ல செய்தி போவது, செய்தியே போகாததைவிடக் கொடுமை.

செய்தி கடத்துவதில் பழகிய ஹாம்கள் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். முதலில் பெயரை இயல்பாகச் சொல்வார்கள். பிறகு "ஐ ஸ்பெல்" என்று அறிவித்துவிட்டு, சர்வதேசச் சொற்களில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார்கள். கேட்பவர் பேனாவைத் தயாராக வைத்துக்கொள்ள அந்த அறிவிப்பு. தமிழ் எழுத்தில் எழுதுகிறவர்களுக்கு நம் வீட்டிலேயே ஒரு முறை இருக்கிறது. 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன', 'சின்ன ர', 'பெரிய ற' என்று தமிழ் வகுப்பில் டிக்டேஷன் எழுதிய எவருக்கும் அது மறந்திருக்காது. எந்த மாநாடும் கூடி அதை முடிவு செய்யவில்லை. ஆனால் சொல்கிறவரும் எழுதுகிறவரும் ஒரே மாதிரி பழகியிருப்பதால் அது தப்பாமல் வேலை செய்கிறது. பட்டியலின் பலம் சொற்களில் பாதி என்றால், இரண்டு பக்கமும் அதைத் தெரிந்திருப்பதில் மீதிப் பாதி.

ஆகவே இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு கேள்வி வைக்கலாம். இந்தச் சொல் யாருக்காக? முதல் அழைப்பில், எதிரில் யார் என்றே தெரியாதபோது, சர்வதேசச் சொல்தான் மரியாதை. அது அவருக்கு ஏற்கனவே தெரிந்த மொழி. அவர் ஓர் எழுத்தை மட்டும் இரண்டு முறை தவறவிட்டால், அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் வேறு சொல். கோல்ஃப் போய் ஜெர்மனி வரட்டும், மற்றவை அப்படியே இருக்கட்டும். அவர் பிடித்துக்கொண்டதும் மறுபடியும் பட்டியலுக்கே திரும்பிவிடலாம். உள்ளூர் நண்பர்கள் கூடுகிற மாலை நேரத்தில் இட்லி, தோசை, வடை தாராளமாகப் பரிமாறலாம். அவசரச் செய்தி போகிற அலைவரிசையில் மட்டும் கூடாது.

உரிமத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த 26 சொற்களையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படித்துப் பழகலாம். டி.என். என்றால் டாங்கோ நவம்பர். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பழகிய பிறகு, மறுமுனையில் இருப்பவருக்கு எது புரியவில்லை என்று காது கொடுத்துக் கேட்கவும் பழக வேண்டும். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.